மச்சான் போடாத ஓவர்

குடுமியான்மலைக்கு எல்லோரும் கோயில் பார்க்கப் போவார்கள். நான் என் அக்கா வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு வரப் போனேன். ஜூன் மாத நடுவில், மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நாள் அது. அந்த ஒரே நாளில் புதுக்கோட்டை மாவட்டத்தை மேற்கிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை குறுக்காகக் கடந்துவிட்டேன். அதே வழியில் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அக்காவை ஜெகதாப்பட்டினத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் கணவர் செல்வம் மச்சான் விசைப்படகு ஓட்டுகிறவர். படகு ஓட்டுகிறவரை அங்கே டிரைவர் என்றுதான் சொல்வார்கள். தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும். பெயின்ட் அடிப்பது, வலை சரிசெய்வது போக மிச்ச நேரமெல்லாம் கிரிக்கெட். கடல் திறந்துவிட்டால் பேட் பரணுக்குப் போய்விடும். அவர்கள் டீமுக்கு சீசன் என்பதே இந்த இரண்டு மாதம்தான். ஆறு வருடமாக விளையாடி, இந்த முறைதான் முதன்முதலாக ஒரு போட்டியில் ஃபைனல் வரை வந்திருந்தார்கள். குடுமியான்மலைப் பக்கம் ஒரு வறண்ட கண்மாய்க்குள் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டி அது. ஃபைனல் வைத்த நாளோ தடைக்காலத்தின் கடைசி நாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் படகுக்குப் பூஜை. பூஜை முடிந்ததும் முதலாளி சாவியை டிரைவர் கையில் கொடுப்பார். சாவியை வாங்குகிறவர்தான் அடுத்த தடைக்காலம் வரை அந்தப் படகின் டிரைவர். போன வருடம் பக்கத்துப் படகு டிரைவர் ஒருவர் கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வந்து நின்றபோது, சாவி இன்னொருவர் இடுப்பில் இருந்தது. அந்த மனிதர் பாதி வருடம் ஐஸ் கம்பெனியில் பெட்டி தள்ளினார். இதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். திருச்சியில் கார் வைத்துக்கொண்டு ஊர் சுற்றி எழுதும் தம்பி அவளுக்கு ஒரு நாளாவது உபயோகப்பட வேண்டாமா?

"டீமு வேன் கப்பு வாங்குற வரைக்கும் நகராது தம்பி. நீ மூணரைக்கு அவர கார்ல ஏத்திரு. செயிச்சாலும் தோத்தாலும் ஏத்திரு" என்றாள்.

காலை ஏழு மணிக்குத் திருச்சியில் கிளம்பினேன். புதுக்கோட்டை ஐம்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி, வடை, காபி எழுபது ரூபாய். சட்னி சுமார்தான், ஆனால் பசிக்கு ருசி தெரியாது. அங்கிருந்து மேற்கே இருபது கிலோமீட்டரில் குடுமியான்மலை. கோயில் மதியம் சாத்திவிடுவார்கள் என்பதால் முதலில் அங்கேதான் போனேன். பாறையில் பொடிப்பொடியாக வெட்டியிருக்கும் எழுத்துகள் இசைச் சுரங்கள் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். எனக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. இருந்தும் அரை மணி நேரம் நகர மனம் வரவில்லை. சிற்ப மண்டபத்தை அவசரமாகப் பார்க்காதீர்கள், நான் அப்படித்தான் பார்த்துக் கெடுத்தேன்.

கண்மாய்க்குப் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கருவேல மரங்களுக்கு நடுவே ஆடுகளம், துணிப்பந்தல், மைக் செட், யூடியூபில் நேரலை காட்ட மூங்கில் பரண்மேல் ஒரு கேமரா. மரமொன்று எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே நின்றது. பந்து அந்த மரத்தில் பட்டால் இரண்டு ரன், மரத்தில் பட்டு வருவதைப் பிடித்தால் அவுட் இல்லை. இது அந்தக் கண்மாய்ச் சட்டம். எதிர் டீம் உள்ளூர்க்காரர்கள், எல்லாம் விவசாய வீட்டுப் பையன்கள். அந்த மரத்தோடு வளர்ந்தவர்கள்.

ஒரு மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய ஆட்டம் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்தது. அவர் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல். சால்வை போடுவதற்கு ஓர் ஆட்டத்தையே நிறுத்தி வைக்கும் வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ! ஒருவழியாக அவர் வந்து இரண்டு பந்து பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனபோது மணி இரண்டாகப் பத்து நிமிடம்.

பத்து ஓவர் ஆட்டம். நம் ஆட்கள் முதலில் ஆடி எண்பத்து நான்கு எடுத்தார்கள். மச்சான் டீமின் முதல் பந்துவீச்சாளர். ஆளுக்கு இரண்டு ஓவர்தான், அவருடைய இரண்டாவதைக் கேப்டன் ஹக்கீம் எப்போதும் கடைசிக்கு வைத்திருப்பார். இடைவேளையில் முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பார் போல. மச்சான் "வந்துக்கிட்டே இருக்கேன் மொதலாளி" என்று கூசாமல் சொல்லிவிட்டு, போனை அணைத்து என்னிடம் நீட்டினார். மறுபடி அவர் குரலைக் கேட்டால் கை ஓடாது என்றார்.

மூன்றே காலுக்கு எட்டாவது ஓவரின் கடைசிப் பந்து. இரண்டு ஓவரில் இருபத்தொன்று வேண்டும். உள்ளூர் பேட்ஸ்மேன் தூக்கி அடித்த பந்து அந்த மரத்தை ஒட்டி இறங்க, ஹக்கீம் ஓடிப்போய்ப் பிடித்தார். நம் ஆட்கள் துள்ளினார்கள். இலையில் பட்டது, இரண்டு ரன் என்று அவர்கள் வந்துவிட்டார்கள். படவில்லை என்று இவர்கள். நடுவர் மரத்தைப் பார்க்கிறார், மரம் என்ன சொல்லும்? கடைசியில் நேரலையைப் பின்னால் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஒரு சின்னப் போனுக்கு மேல் இருபது தலைகள். ஒருவருக்கு இலை ஆடுவது தெரிகிறது, இன்னொருவருக்குக் காற்று தெரிகிறது.

மூன்றரை ஆயிற்று. மூன்று முப்பத்தைந்தும் ஆயிற்று. மச்சான் பந்தைக் கையில் உருட்டியபடி, கூட்டத்தையும் என் காரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை என்பதுதான் நிஜம். அவரே ராசுவிடம் போனார். ராசு அதே படகில் வலை இழுப்பவர், முப்பது வயது, எப்போதாவது பந்து போடுவார். பந்தை அவர் கையில் வைத்து, "நீ போட்ரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெறுங்காலோடு வந்து காரில் ஏறினார். செருப்பு கண்மாயிலேயே கிடந்தது.

அங்கிருந்து ஜெகதாப்பட்டினம் என் மீட்டரில் தொண்ணூற்று மூன்று கிலோமீட்டர். புதுக்கோட்டையைத் தாண்டும்போது நேரலை மறுபடி உயிர்பெற்றது. அந்தப் பந்து செல்லாது என்று தீர்த்து ஆட்டத்தைத் தொடர்ந்திருந்தார்கள். என் போனை மச்சான் மடியில் வைத்துப் பார்த்தார். அறந்தாங்கிக்கு முன்னால் படம் நின்று நின்று வந்தது. ஓரமாக நிறுத்தவா என்றேன். வேண்டாம், ஓட்டு என்றார்.

கடைசி ஓவர். பதினொன்று வேண்டும். ராசு ஓடிவருகிறார். முதல் மூன்று பந்தில் ஐந்து ரன். "யார்க்கர் போடுடா. காலுக்குள்ள போடுடா ராசு" என்று மச்சான் போனைப் பார்த்து முணுமுணுத்தார். நாலாவது பந்தை ராசு மெதுவாக, குட்டையாகப் போட்டார். பந்து அந்த மரத்துக்கும் மேலே போனது. மைக்கில் சிக்ஸர் என்று அலறியது போன் வழியாகக் காருக்குள் கேட்டது. மச்சான் போனைக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு நாற்பது கிலோமீட்டர் அதை நிமிர்த்தவே இல்லை. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, இத்தனைக்கும் எனக்குக் கிரிக்கெட்டே அவ்வளவாகப் பிடிக்காது.

ஐந்து ஐம்பத்தைந்துக்குத் துறைமுகத்தில் நின்றோம். மற்ற படகுகளில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் படகில் தேங்காய்கூட எடுத்து வைக்கவில்லை. முதலாளி ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து கையில் போனை வைத்திருந்தார், திரையில் அதே கண்மாய் நேரலை. மச்சானைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஒன்ன யாருடா இங்கிட்டு வரச் சொன்னது? நீ போட்டு முடிச்சிட்டு வரட்டும்னு பூசாரியவே உக்கார வச்சிருக்கேன். மூணேகால்லேருந்து அடிக்கிறேன், ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப்."

போன் அப்போதும் என் சட்டைப் பையில் அணைந்தே கிடந்தது. பூஜை நடந்தது. சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் சிரித்ததில் ஒரு தப்பும் இல்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: கோயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கண்மாய்ப் பக்கம் கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். கடலோரத்தில் தங்க வசதி குறைவு, அறந்தாங்கியில் அறுநூறு ரூபாயிலிருந்து அறை கிடைத்தது என்றார்கள். எனக்கு அக்கா வீடு. தடைக்காலம் முடிந்த முதல் நாள் படகுகள் கிளம்புவதைத் தவற விடாதீர்கள். காலை ஐந்து மணிக்கே போய்விடுங்கள், கயிறு இழுப்பவர்களுக்கு வழி விட்டு நில்லுங்கள், பெண்கள் நிற்கும் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். போகிறவர்கள் திரும்பி வரும்வரை அந்தப் பெண்களுக்கு மனசு ஒரு நிலையில் இருக்காது. இந்தக் கடலில் யார் எப்போது இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுவார்கள் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை நானும் போய் நின்றேன். ராசு கடைசியாக வந்து ஏறினார். யாரும் அவரிடம் பேசவில்லை, அவரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மச்சான் இன்ஜினைப் போட்டுவிட்டு வீல் ரூமிலிருந்து எட்டிப் பார்த்து அவரைக் கூப்பிட்டார்.

"அந்த நாலாவது பந்து நல்ல பந்துதான்டா. நானா இருந்தாலும் அதத்தான் போட்டிருப்பேன்."

ராசு தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போனார். மச்சான் கரையில் நின்ற என்னை ஒரு தரம் பார்த்தார். நான் கையை மட்டும் அசைத்தேன்.