எல்டனுக்காகக் காய்ச்சிய பீர்

இருவரும் சேர்ந்து வளர்த்த மாடுகளை விற்ற நாளிலிருந்து வெர்லின் டெஷ்ஷோடு அவருடைய அண்ணன் எல்டன் பேசுவதில்லை. இருவர் வீடும் ஒரே சாலையில்தான். எல்டன் வீட்டுச் சமையலறை விளக்கு எரிவது வெர்லின் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயத்தில் உட்காருவார்கள். ஒருவர் இடது ஓரம், மற்றவர் வலது ஓரம்.

விற்றதைக் குற்றம் சொல்ல முடியாது. வெர்லினுக்கு முழங்கால் போய்விட்டது, எல்டனுக்குக் குடலிறக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் பக்கத்துச் சின்னப் பண்ணைகள் ஒவ்வொன்றாகத் தொழுவத்தை மூடிக்கொண்டிருந்த காலம் அது. தப்பு, விற்ற விதத்தில் நடந்தது. எல்டன் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் படுத்திருந்தபோது வெர்லின் லாரியை வரச் சொல்லிவிட்டார். அந்தக் காட்சியை அண்ணன் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். பாசத்தில்தான் நினைத்தார். ஆனால் எல்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, பால் கறக்கும் குழாய்கள் மட்டும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழுவத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனவர்தான்.

சில குளிர்காலங்கள் போயின. வெர்லின் பள்ளிப் பேருந்து ஓட்டினார், முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார், சாயங்காலம் ஜன்னலோரம் நின்றார். மாடுகள் இருந்த காலத்தில், மாலைக் கறவை முடிந்ததும் அண்ணனும் தம்பியும் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டோர்ன்பாக் குடிப்பார்கள். டோர்ன்பாக் எங்கள் மாவட்டத்து பீர். வைக்கோல் நிறம், லேசான இனிப்பு, இரண்டு குடித்தாலும் தலை கனக்காது. அதைக் காய்ச்சிய ஆலையை மூடியபிறகு அது எங்கேயும் கிடைக்கவில்லை. அதை வீட்டிலேயே காய்ச்சிப் பார்ப்பது என்று வெர்லின் முடிவு செய்தார். அந்த பீர் திரும்பி வந்தால் அண்ணனும் திரும்பி வருவான் என்று அவர் மனம் கணக்குப் போட்டது.

அவர் மனைவி ஆர்டிஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“பேசணும்னா நேரா போய்ப் பேசு, வெர்லின். அதுக்கு எதுக்கு என் பெரிய பாத்திரத்தத் தூக்கற? அதுல நான் தக்காளி காய்ச்சணும்.”

“பேசினா பதில் சொல்லமாட்டான். பீரக் குடுத்தா வேண்டாம்னு சொல்லமாட்டான்.”

“ரெண்டு பேருக்கும் வாய் எதுக்குத்தான் இருக்கோ, குடிக்க மட்டும்தான் போல.”

கார் நிறுத்தும் கொட்டகையில் அடுப்பைப் போட்டார். முளைகட்டிய பார்லியான மால்ட்டையும் மக்காச்சோள அவலையும் வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினார். கசப்புக்குக் கொஞ்சமாக ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டார். ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடினார். காற்றுக் குழாய் ‘ப்ளக் ப்ளக்’ என்று குமிழிவிடத் தொடங்கியதும், பிரசவ அறை வாசலில் நிற்கும் தகப்பன் மாதிரி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

புட்டியில் அடைத்து நுரை கட்டியபின், தானே ஒரு வாய்கூடக் குடித்துப் பார்க்காமல் இரண்டு புட்டிகளை ஆர்டிஸிடம் கொடுத்தனுப்பினார். முதல் வாய் அண்ணனுக்கு என்று நேர்ந்துகொண்டது போல. அவள் திரும்பி வந்து கோட்டைக் கழற்றாமல் சொன்னாள்:

“ஒரு வாய் குடிச்சார். மிச்சத்த சிங்க்ல ஊத்திட்டார்.”

“என்ன சொன்னான்?”

“கேக்காதய்யா.”

“சொல்லு.”

“‘மாட்டத்தான் வித்துட்டானே, மாடு நக்கற உப்புக்கட்டிய எதுக்குக் கரைச்சு அனுப்பியிருக்கான்’னு கேட்டார்.”

வெர்லினுக்கு முகம் சிவந்தது. ஒரு புட்டியைத் திறந்து குடித்தார். உப்புக் கரித்தது. ஈஸ்ட் மேல் பழி போட்டார், ஹாப்ஸ் விற்ற கடை மேல் பழி போட்டார். இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

எங்கள் ஊர்க் கிணற்றில் வருவது கல்லைக் கரைத்த தண்ணீர். துணியும் வெளுக்காது, பாத்திரமும் வெளுக்காது. அதனால் வீட்டுக்கு வீடு நிலவறையில் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் இருக்கும். அதற்கு உப்பு மூட்டை கொட்ட வேண்டும். சமையலறைக் குழாயில் வருவது அதில் புகுந்து வந்த தண்ணீர். வெளிக் குழாயில் மட்டும் கிணற்றுத் தண்ணீர் நேராக வரும்.

ஆர்டிஸ் வெளிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஜெரேனியம் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“வெர்லின், சமையலறைத் தண்ணி ஊத்தினா செடி வாடிப்போகும்னு நான் இங்க வந்து பிடிக்கறேன். நீ பீருக்கு எந்தத் தண்ணிய ஊத்தின?”

வெர்லின் நிலவறைப் படிக்கட்டைப் பார்த்தார்.

“மாசா மாசம் உப்பு மூட்டையத் தூக்கிட்டுப் போய்க் கொட்டறவன் நீதானய்யா!”

மறுபடி காய்ச்சினார், வெளிக் குழாய்த் தண்ணீரில். இந்த முறை புட்டியைச் சுமக்க ஆர்டிஸ் மறுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை எல்லோரும் பொரித்த மீன் சாப்பிடக் கூடும் மதுக்கடையில், எல்டன் தனியாக உட்கார்ந்திருந்த மேசைக்கே போனாள்.

“எல்டன், நான் இனிமே தூக்கிட்டு வரமாட்டேன். எங்க வீட்டு சிங்க் உங்க சிங்க்க விடப் பெரிசு. வந்து அதுலயே ஊத்துங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்டன் வந்தார். வாசல் வழியாக வரவில்லை. கொட்டகைக் கதவருகே வந்து நின்றார். வெர்லின் கோப்பையில் ஊற்றினார். நுரை வழிந்தது. எல்டன் நின்றபடியே பாதியைக் குடித்தார்.

“இது டோர்ன்பாக் இல்ல.”

“இல்லதான், அண்ணே.”

“அதுல சோளம் இன்னும் இனிக்கும்.”

“அவல் கூடப் போட்டிருக்கணும்.”

“ம். உப்பு இல்ல.”

எல்டன் உட்கார்ந்தார். சமையலறையில் ஆர்டிஸ் குழாயை மூடிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிச்சத்தையும் குடித்து முடித்தபிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே எல்டன் கேட்டார்:

“குளோரி லாரியில தானா ஏறிச்சா?”

தாய் செத்த கன்றாக இருந்தபோது எல்டன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பசு அது.

“இல்ல அண்ணே. ஏத்தற பலகைகிட்ட வந்து நின்னுடுச்சு. லாரிக்காரங்க அடிக்கக் கோல எடுத்தாங்க. நான் வேணாம்னுட்டு முன்னால ஏறினேன். என் பின்னாலயே வந்துச்சு.”

“கத்திச்சா?”

“உன் வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்திச்சு.”

எல்டன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின.

“சொல்லியிருந்தா தையல் பிரிஞ்சாலும் வந்திருப்பேன்டா.”

“தெரியும். அதான் சொல்லல.”

“அதான்டா தப்பு.”

“தப்புதான் அண்ணே.”

எல்டன் தொப்பியை மடியில் வைத்தார். கண்ணைத் துடைக்காமலேயே காலிக் கோப்பையைத் தம்பி பக்கம் தள்ளினார்.

“ஊத்து,” என்றார்.