பரணில் ஏற மறுத்தவள்

செங்தாவ் வியட்நாமின் ஹுவே நகரத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அம்மா போனில் ஊர் எப்படி என்று கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். இங்கே மழை நிற்காது, மிளகாய் குறையாது, செத்துப்போன ராஜாக்களின் சமாதிகள் உயிரோடிருக்கிறவர்களின் வீட்டைவிடப் பெரிது. லாவோஸிலிருந்து வாத்தியார் வேலைக்குப் படிக்க வந்தவள் அவள். பல்கலைக்கழகம் லாவோஸ் பிள்ளைகளை முதல் வருஷம் ஊர்க்காரர் வீடுகளில் தங்கவைக்கும், வியட்நாம் பேச்சு சீக்கிரம் வாயில் ஏறும் என்று. இவளுக்கு வாய்த்தது டியெப் அத்தையின் வீடு.

டியெப்புக்கு ஐம்பது வயது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. கணவரின் முன்னோர்கள் கட்டிய பழைய மரவீட்டை, ஆற்றங்கரைச் சந்தில், ஒற்றை ஆளாகக் காத்துக்கொண்டிருந்தார். கையில் எந்நேரமும் துடைக்கும் துணி, வாயில் எந்நேரமும் வசவு. “லாவோஸ்ல குளிக்கிறதுன்னா இதானா? ஆத்தையே உள்ள கூட்டிட்டு வந்துட்டியே!” என்பார். அடுத்த நிமிஷமே மீனில் முள் எடுத்து அவள் கிண்ணத்தில் வைப்பார்.

வந்த அன்றே ஒரு கட்டளையும் போட்டார். நடுக்கூடத்தில் மார்பளவு உயரத்தில் முன்னோர்களின் படையல் பீடம், அதன் நடுவே ஊதுபத்தி செருகும் பீங்கான் கிண்ணம், நிறையச் சாம்பல். முன்னோர்கள் குடியிருப்பது அதில்தான் என்பது நம்பிக்கை.

“வீட்டுல எதை வேணா தொடு. இந்தக் கிண்ணத்தை மட்டும் தொட்டுறாத. ஒரு விரக்கடை நகந்தாலும் இந்தக் குடும்பம் நாசமாப் போயிரும்.”

அது வெறும் பயமுறுத்தல் இல்லை. முறைப்படி அந்தப் பீடம் மூத்த பிள்ளை வீட்டில் இருக்க வேண்டியது. கணவரின் அண்ணன் லுவான், தா நாங் நகரத்தில் மாடிவீடு கட்டி, பீடத்தைக் கொண்டுபோகச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். அது போய்விட்டால் டியெப்புக்கு அந்த வீட்டில் என்ன வேலை? யாருக்காகத் துடைப்பது, யாருக்காகச் சமைப்பது? அந்த ஒரு கிண்ணத்தில்தான் அவருடைய உயிர் இருந்தது.

கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, இரண்டு பழைய காசு. காசுகளின் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி வெள்ளை, மறுபக்கம் கருப்பு. செத்துப்போன பெரியவர்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கும்பிட்டுவிட்டுக் காசைத் தட்டில் போட வேண்டும். ஒன்று வெள்ளை, ஒன்று கருப்பு விழுந்தால் சம்மதம். இரண்டும் ஒன்றாக விழுந்தால் மறுப்பு. மூன்று தடவைதான் கேட்கலாம்.

ஐப்பசி பிறந்ததும் வெள்ளம் வந்தது. ஹுவேக்காரர்களுக்கு வெள்ளம் வருஷத்துக்கொருமுறை வந்துபோகும் சொந்தக்காரர் மாதிரி. திட்டிக்கொண்டே இடம் ஒதுக்குவார்கள். டியெப் பைக்கைக் கயிறு கட்டி உத்தரத்தில் தூக்கினார், அரிசி, அடுப்பு, போர்வை எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றினார். மத்தியானம் மேலே அணை திறக்கிறார்கள் என்று ஒலிபெருக்கி அலறியது. கொஞ்ச நேரத்தில் சமையலறைச் சாக்கடை வழியாகத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு உள்ளே வந்தது. முழங்கால் தொட்டது.

“ஏறு” என்றார் டியெப்.

செங்தாவ் ஏணியில் கால் வைத்தாள். அண்ணாந்து பார்த்தாள். பரணின் பலகைகள் நேராகப் படையல் பீடத்துக்கு மேலே ஓடின. வைத்த காலை இறக்கினாள்.

“என்னால ஏற முடியாது அத்தை.”

“ஏன், ஏணி உன் கௌரவத்துக்குக் கம்மியா?”

“பெரியவங்க கீழ இருக்காங்க. அவங்க தலைக்கு மேல காலை நீட்டிட்டு நான் எப்படி உக்காருவேன்?”

“அடிப்பாவி! அவங்க செத்து நூறு வருஷம் ஆச்சு. தலையும் இல்ல, தலைவலியும் இல்ல. ஏறு!”

செங்தாவ் அசையவில்லை. ஒருத்தர் தலைக்கு மேலே தொங்கிவிடக் கூடாதென்று பாவாடையைக்கூடத் தாழக் கட்டின கொடியில் உலர்த்துகிற அம்மாவின் பெண் அவள். இது பிடிவாதம் இல்லை, உடம்போடு வளர்ந்தது. மெக்கோங் கரையில் பிறந்தும் நீச்சல் தெரியாது. பல் கிடுகிடுவென்று அடித்தது. தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. மின்சாரம் போயிற்று. வாசலில் சுழித்துக்கொண்டு போன தண்ணீர் ஒரு பெஞ்சையே இழுத்துக்கொண்டு போனது.

“அவங்களை முதல்ல மேல ஏத்துங்க. எனக்கு மேல உசரத்துல வைங்க. அப்புறம் நான் ஏறுறேன்.”

“அதைத் தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“அப்ப நான் இங்கயே நிக்கிறேன். நீங்க ஏறுங்க.”

டியெப் அறையக் கை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே தொங்கிவிட்டது. ஊரான் பெற்ற பெண்ணை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வது? தட்டை எடுத்தார். நனைந்த தீப்பெட்டி பற்றவில்லை. ஊதுபத்தி இல்லாமலே கும்பிட்டார்.

“உங்களை மேல தூக்கிட்டுப் போகவா?”

காசு இரண்டும் கருப்பு.

“சின்னப் பொண்ணு, பரதேசம் வந்தவ. கொஞ்சம் மனசு வைங்க.”

மறுபடியும் இரண்டும் கருப்பு. தண்ணீர் இடுப்பைப் பிடித்தது. செங்தாவின் கால் தரையை விட்டு ஒருமுறை நழுவியது, தூணைக் கட்டிக்கொண்டாள். டியெப் மூன்றாம் தடவையாகக் காசைப் போட்டார். பக்கத்திலேயே நின்றதால் செங்தாவ் நன்றாகப் பார்த்தாள். இரண்டும் வெள்ளை.

டியெப்பின் கை சட்டென்று தட்டை மூடியது.

“ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கருப்பு. சம்மதம் குடுத்துட்டாங்க. ஏணியைப் பிடி.”

அவரே கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார், கூரைச் சட்டத்தில் உச்சியில் வைத்துக் கயிற்றால் கட்டினார். பிறகு செங்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் கிண்ணத்துக்குக் கீழே ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். டியெப்பின் வாயில் அன்று வசவு இல்லை. முணுமுணுப்பு மட்டும் நிற்கவே இல்லை. “செய்யறதை எனக்குச் செய்யுங்க. அவளை விட்டுருங்க.”

வெள்ளம் பீடத்துக்கு ஒரு சாண் கீழேயே நின்றுபோனது.

தண்ணீர் வடிந்ததும் லுவான் வந்தார். சேற்றைப் பார்க்கவில்லை, வீட்டில் யார் பிழைத்தார்கள் என்று கேட்கவில்லை. காலிப் பீடத்தைப் பார்த்தார், அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

“பீடம் நனையவே இல்ல. இதை எதுக்கு நகத்துன?”

டியெப் துணியைப் பிழிந்துகொண்டு நின்றார்.

“கேட்டியா அவங்களை?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

டியெப் வாயைத் திறந்தார். செத்தவர்கள் பேரில் சொன்ன பொய் உயிரோடிருக்கிறவர் முன்னால் தொண்டையில் சிக்கிக்கொண்டது. லுவான் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, கிண்ணத்தை எடுத்துப்போக ஏணியை நோக்கி நடந்தார்.

“ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கருப்பு, பெரியப்பா” என்றாள் செங்தாவ். கையில் சேறும் துடைப்பமும். “பக்கத்துலயே நின்னேன். நான் பாத்தேன்.”

லுவான் திரும்பி அவளைப் பார்த்தார். லாவோஸ் பெண், விடிந்தால் புத்தரைக் கும்பிடுகிறவள், பொய் சொல்ல மாட்டாள் என்று அவருக்கும் ஒரு எண்ணம். அவரே ஏறிக் கிண்ணத்தை இறக்கி, பழைய இடத்தில் வைத்து, மூன்று ஊதுபத்தி ஏற்றிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அன்று சாப்பிடும்போது டியெப் மீனில் முள் எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தார்.

“அத்தை, அன்னிக்கு அந்தக் காசு ரெண்டும்…”

“தெரியும். சாப்பிடு.”