மூக்கைத் தூக்கிய மீட்டியர்

இங்கிலாந்தின் ஹார்ன்காசில் ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் மார்லீன் டௌஸ் தினமும் முந்நூறு பேருக்கு உருளைக்கிழங்கு மசிக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அதே கையால், ஒயின் பாட்டிலின் கழுத்திலிருந்து உரித்த தகட்டில், பிளாஸ்டிக் மாதிரி விமானத்தின் குட்டி விமானிக்கு இருக்கைப் பட்டை வெட்டுகிறார். அகலம் ஒரு மில்லிமீட்டர். கை நடுங்காதா என்று கேட்டால், "நூறு புள்ளைங்க ஒரே நேரத்துல கஸ்டர்ட் கேக்கறப்பவே நடுங்கல, இதுக்கா நடுங்கப் போகுது?" என்பார்.

வயது ஐம்பத்தெட்டு. முதல் விமானத்தைப் பதினோரு வயதில் ஒட்டினார். அது அவருடைய அண்ணனுக்கு வந்த கிறிஸ்துமஸ் பரிசு. அண்ணன் பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுப் பந்தாடப் போய்விட்டான். மார்லீன் உட்கார்ந்து ஒட்டிவிட்டார், இறக்கைகளை இடம் வலம் மாற்றி. இதுவரை இருநூற்றுப் பதின்மூன்று முடித்திருக்கிறார். எல்லாமே போர்விமானங்கள். குண்டுவீச்சு விமானம் பெரியது, அலமாரியில் இடமில்லை.

ஊரின் மாதிரி விமானக் கழகத்தில் பதினெட்டுப் பேர். பதினேழு ஆண்கள், மார்லீன். தலைவர் நெவில் பாஸ்க், ஓய்வுபெற்ற நில அளவையாளர். இறக்கையில் எத்தனை ஆணி என்று எண்ணிப் பார்க்கிற ஆள். கழகக் கண்காட்சியின் போர்விமானக் கோப்பையை ஒன்பது வருடமாக அவரே வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அதில் ஆறு வருடம் மார்லீன் இரண்டாம் இடம். "ஒரு தடவையாவது அந்தக் கோப்பைய அவன் வீட்டு அலமாரியிலேர்ந்து இறக்கிடணும்" என்று கணவர் டெரெக்கிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

கழகத்தில் மார்லீனுக்கு ஒரு கேள்வி உண்டு: "மூக்குல எடை போட்டியா?" முன்சக்கரம் உள்ள விமானத்தின் பிளாஸ்டிக்கில் பின்பக்கம்தான் கனம். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுமுன் மூக்குக்குள் ஈயம் போட வேண்டும். மறந்தால் விமானம் நாய் மாதிரி வாலில் உட்கார்ந்துவிடும். பதினேழு பேரிடமும், ஒவ்வொரு விமானத்துக்கும், மார்லீன் இதைக் கேட்டிருக்கிறார்.

இந்த முறை அவர் எடுத்தது மீட்டியர் என்ற பழைய பிரிட்டிஷ் ஜெட் போர்விமானம். ஐந்து மாத வேலை. மார்ச் மாதச் சனிக்கிழமை, நகர மண்டபம், பன்றி இறைச்சி சாண்ட்விச் வாசனை, குலுக்கல் சீட்டு விற்கும் கூச்சல். பதினோரு மணிக்கு நடுவர் வருவார். பத்து பத்துக்கு மார்லீன் பஞ்சுப் பெட்டியைத் திறந்து, வெள்ளி வண்ண மீட்டியரை மேசையில் வைத்துக் கையை எடுத்தார்.

மூக்கு மெதுவாக மேலே போனது. வால் மேசையில் 'டக்' என்று தட்டியது.

சாண்ட்விச் வரிசையிலிருந்து ஒரு குரல்: "மார்லீன், மூக்குல எடை போட்டியா?"

சிரிப்பில் மேசைகள் ஆடின. மார்லீனும் சிரித்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "தங்கச்சிகிட்ட போன்ல பேசிட்டே ஒட்டிட்டேன்" என்றார் டெரெக்கிடம். "சக்கரத்த நேத்துதான் மாட்டினேன். நிறுத்தியே பாக்கல."

கழக விதிப்படி விமானம் தன் சக்கரங்களில் தானே நிற்க வேண்டும். முட்டுக் கொடுத்தால் போட்டியில் இல்லை.

நெவில் வந்தார். சிரிக்கவில்லை. சின்ன டார்ச்சை அடித்து முன்சக்கரக் குழிக்குள் பார்த்தார்.

"இந்த முன்சுவர்ல துளை போட்டா மூக்குக்குள்ள ஈயம் விடலாம்."

"அந்தச் சுவர்லதான் குழாயெல்லாம் இருக்கு நெவில். பதினொண்ணு. ஃபியூஸ் கம்பில பண்ணது. மூணு வாரம்."

"பதினொண்ணும் வச்சியா?" நெவிலின் குரலில் பொறாமை தெரிந்தது. "அப்ப நீயே முடிவு பண்ணு. குழாயோட வால்ல உக்காரணுமா, குழாய் இல்லாம நிக்கணுமா?"

"உனக்கென்ன இதுல அக்கறை?"

"வால்ல உக்காந்த விமானத்த ஜெயிச்சேன்னு வீட்ல போய்ச் சொல்ல முடியுமா?"

மார்லீன் இடுக்கியை எடுத்தார். பதினோரு குழாய்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கைத்துளைக்கருவி சுவரைத் துளைத்தது. டெரெக் காரிலிருந்து தன் தூண்டில் பெட்டியைக் கொண்டுவந்தார். கால்வாய்க்குப் போகிற வழியில்தான் மனைவியை இறக்கிவிட வந்திருந்தார். கடுகளவு ஈயக்குண்டுகள் அதில் ஒரு டப்பா நிறைய இருந்தன.

"எல்லாத்தையுமா எடுக்கப் போற?" என்றார்.

"மீன் அடுத்த வாரமும் அங்கதான் இருக்கும்."

நெவில் விமானத்தை மூக்கு கீழாகப் பிடித்துக்கொண்டார். மூக்கின் பக்கவாட்டில் இருந்த ஒரு பீரங்கித் துளை வழியாகக் குண்டு கொட்டிவிடாமல் கட்டைவிரலால் அடைத்தார். மார்லீன் குண்டுகளை உறிஞ்சுகுழல் வழியாக உள்ளே விட்டு, மேலே சூப்பர் க்ளூவை ஊற்றினார். பத்து முப்பத்தெட்டு. மூக்கு கனத்தது.

"விடலாம்" என்றார் மார்லீன்.

"விட முடியல" என்றார் நெவில்.

பசை துளை வழியே வழிந்து கட்டைவிரலை விமானத்தோடு ஒட்டியிருந்தது.

"இழுக்காத. இழுத்தா கொன்னுடுவேன்."

"என் விரலப் பத்தியும் கொஞ்சம் யோசி மா."

"உனக்கு இன்னொண்ணு இருக்குல்ல?"

பசையைக் கரைக்கும் அசிட்டோன் போட்டால் பிளாஸ்டிக் உருகிவிடும். தேநீர்க் கடையில் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் கிடைத்தன. மார்லீன் சொட்டுச் சொட்டாக விட்டார், நெவில் விரலை உருட்டி உருட்டி எடுத்தார். பன்னிரண்டு நிமிடம் ஆனது. விரலோடு கொஞ்சம் வெள்ளி வண்ணம் வந்தது; பீரங்கித் துளையைச் சுற்றி மங்கலாக ஒரு சாம்பல் கறை தங்கியது. தொட்டுச் சரிசெய்ய நேரமில்லை. மீட்டியர் மூன்று சக்கரங்களில் நின்றது. யாரோ கைதட்டினார்கள்.

நடுவர் ஃபென்விக் நியூவார்க்கிலிருந்து வந்தவர். பல் மருத்துவரின் கண்ணாடி மாதிரி ஒன்றைச் சக்கரக் குழிக்குள் விட்டார். "உள்ள ஒண்ணுமே இல்லையே" என்று எழுதிக்கொண்டார். மார்லீன் கூரையைப் பார்த்தார். ஃபென்விக் மூக்குப் பக்கம் வந்து நின்றுவிட்டார்.

"சுட்ட பீரங்கி வாய்ல புகை இப்படித்தான் படியும். இவ்வளவு இயல்பா நான் பாத்ததில்ல. எதுல போட்டீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நெவில் வேறு நின்றார்.

"நெவிலோட கட்டைவிரல்ல" என்றார் மார்லீன்.

ஃபென்விக் சிரித்தார். நெவில் சிவந்துபோன விரலை உயர்த்திக் காட்டியதும் சிரிப்பு நின்றது. விதித்தாளை எடுத்து இரண்டு பக்கமும் படித்தார்.

"எந்தக் கருவியால செய்யணும்னு இதுல இல்ல" என்று சொல்லி மதிப்பெண் போட்டார்.

ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் மார்லீன் முதலிடம். தலைவர் என்ற முறையில் கோப்பையைக் கொடுக்க வேண்டியவர் நெவில். கட்டுப்போட்ட விரலோடு மேடையேறினார்.

"பத்தாவது வருஷமும் கோப்பை என் விரலுக்குத்தான் போகுதுன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

"விரல் உன்னுது. அஞ்சு மாசம் என்னுது" என்றார் மார்லீன். "குடு இங்க."