"விறகடுப்புச் சுவை" என்று ஒரு பலகை

நனைந்த பனை மட்டையின் புகைக்கு ஒரு புளிப்பு மணம் உண்டு. அது மூக்கோடு நிற்காது, தொண்டைக்குள் இறங்கி அங்கேயே குந்திக்கொள்ளும். மாரி காலத்தில் உரும்பிராயில் எங்கள் அடுப்படிக் "குசினி"க்குள் விடியுமுன்பே நிறைந்து கிடந்த அந்த மணத்தை இன்றைக்கும் நான் வெறுக்கிறேன். கோயிலில் சாம்பிராணி போட்டாலும் தள்ளித்தான் நிற்பேன். முருகன் என்னைப் பொறுத்துக்கொள்வான்.

அப்பா எங்கள் சிறு வயதிலேயே காலமாகிவிட்டபடியால், அம்மா சந்திச் சாப்பாட்டுக்கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துத்தான் என்னையும் தம்பியையும் வளர்த்தா. "மட்டை", "பன்னாடை" என்று பனையடியில் பொறுக்கியதையெல்லாம் அடுப்புக்குள் தள்ளி, கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து ஊதுவா. கடை முதலாளி நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்று பெட்டியைத் திறந்து பார்ப்பார். அம்மா இருமினால், "இடியப்பத்துக்கு மேலை இருமிப்போடாதை" என்பார். அவருடைய கரிசனை அவ்வளவுதான்.

ஒரு மாரிக்கு முன் ஏதோ நிறுவனத்திலிருந்து சிலர் வந்து "புகையில்லா அடுப்பு" கட்டித் தந்தார்கள். குழாய் வழியாகப் புகை கூரைக்கு மேலே போனதைப் பார்த்து அம்மா கைகூப்பினா. ஆனால் இடியப்பம் அவிக்கிற பெரிய பானை அதன் சின்ன வாயில் அமரவில்லை. "தம்பி, இன்னும் கொஞ்சம் அகலமாய்க் கட்டேலாதோ?" என்று அம்மா கேட்டா. "எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுதான் அம்மா. உங்களுக்குச் சோறு காய்ச்ச இது காணும்" என்றான் கட்டினவன். சோறு காய்ச்சவோ அவ விடியமுன்னம் எழும்பினது? படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான்.

அம்மா சின்னப் பானையில் அவித்தா. இருமல் தணிந்தது, பொழுதுபடத் தேவாரம் படிக்கும்போது அவவின் குரல் நடுவில் அறாமல் வந்தது. ஆனால் இடியப்பம் கடைக்குப் பிந்தியது.

"நாளைக்கும் பிந்தினால் நான் வேறை ஆளைப் பாப்பன்" என்றார் முதலாளி.

"ஒரு கிழமை பொறுங்கோ ஐயா, ஏதும் வழி பாக்கிறன்."

"கிழமை பாக்க நீயென்ன ரெண்டாங் கலியாணமோ கட்டப்போறாய்?"

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி நின்றேன்.

அன்று பின்னேரம் அம்மா அலவாங்குக் கம்பியை எடுத்து, தானே அந்த அடுப்பை இடித்தா. நான் அழுதுகொண்டு கையைப் பிடித்தேன். "விடு பிள்ளை. நல்ல அடுப்புத்தான். எங்களுக்குச் சோறு போடாதாம்" என்றா. அடுத்த நாள் பழையபடி மூன்று கல், பெரிய பானை, புகை.

இப்போது அந்த முதலாளியின் மகன் நல்லூரில் கடை போட்டு, "விறகடுப்புச் சுவை" என்று பலகை தொங்கவிட்டிருக்கிறான். திருவிழாவுக்குப் போன என்னைக் கண்டு கூப்பிட்டான். "அக்கா, அம்மா அடுப்படியிலை இருக்கிற பழைய படம் இருந்தால் தாங்கோ. சுவரிலை மாட்டினால் வெளிநாட்டுச் சனம் விரும்பும்."

"உள்ளுக்கை ஆர் அடுப்பு ஊதுறது?" என்று கேட்டேன்.

"சமையல் காஸிலைதான் அக்கா. புகைக்குள்ளை இப்ப ஆர் நிப்பினம்?" என்று சிரித்தான்.

கையில் அர்ச்சனைத் தட்டு இருந்தபடியால் வாயை அடக்கிக்கொண்டு வந்தேன். படம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

அந்தக் குசினியும் இல்லை, புகையும் இல்லை. அம்மாவின் பார்வையும் இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணை வெட்டி வைத்தியம் செய்து பார்த்தும் வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். காலையில் நான் காஸ் அடுப்பைப் பற்றவைத்தால், மணம் வராதபடியால் அவவுக்குத் தெரிவதில்லை.

"அடுப்பு மூட்டியாச்சோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

நம்பாமல் கையை நீட்டுவா. அந்தக் கையைப் பிடித்து, சூடு தெரிகிற தூரத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் "சிவசிவா" என்று மூச்சு விடுவா.