கூடுதலாக ஒரு கொய்யா

சைக்கிளிலேயே வியட்நாம் போய்வர நான் பணம் திரட்டிய நாட்களில், மதகடிப்பட்டு கூட்டுரோட்டில் என் ஃப்ளெக்ஸ் பேனருக்குப் பக்கத்தில் கொய்யா விற்றுக்கொண்டிருந்தார் அந்த அம்மா. ஒல்லியான உடம்பு. புடவைக்கு மேலே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் தைத்த நீலச் சட்டை. எடை போட்டு முடித்ததும் கூடுதலாக ஒரு பழத்தைப் பையில் போட்டு, “வூட்ல புள்ளைக்கு” என்பார். பிள்ளை இல்லாதவர்களிடமும் அதையேதான் சொல்வார்.

மூன்றாம் நாள் என் உண்டியலில் ஐம்பது ரூபாய் போட்டார்.

“இன்னாத்துக்குப்பா அம்மாந்தூரம் போற?”

“ஊர் பாக்கத்தாம்மா.”

“நானும் இதே எடத்துல முந்தானைய ஏந்திக்கினு நின்னேன். எம்புள்ளய மலேசியாலேர்ந்து கொண்டார.”

“வந்துட்டாரா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“வந்தான். பொட்டில வந்தான்” என்றவர், அடுத்த ஆளுக்கு எடை போடத் திரும்பிவிட்டார்.

தேவைப்பட்டதில் கால்வாசிகூடச் சேரவில்லை. கொடுத்தவர்களின் பெயரைக் குறித்து வைத்திருந்ததால், தேடிப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். கடைசியாக அவரிடம் ஐம்பது ரூபாயை நீட்டி, “நான் போவலம்மா” என்றேன்.

அவர் கூடையைக் கிளறி, இருப்பதிலேயே பெரிய பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். வழக்கமானதைச் சொல்வார் என்று நினைத்தேன்.

“உங்கம்மாவுக்குக் குடு” என்றார். வீடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஏறி மிதிக்க முடியவில்லை.