பல்லடம் பஸ்ஸில் கோழிக்கு வாங்கிய பூண்டு

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரிலிருந்து ஒரு சாக்குப் பை நிறையப் பூண்டோடு பல்லடம் பஸ் ஏறினேன். அப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. பல்லடத்துக்குப் பக்கத்தில் என் அக்கா சரசு நகையை அடகு வைத்து பிராய்லர் கோழி வளர்த்துக்கொண்டிருந்தாள். கோழிகள் சரியாகத் தீனி எடுக்கவில்லை. சில செத்தும் போயின. தீனியில் பூண்டு கலந்தால் தேறும் என்று யாரோ சொல்ல, வாங்கி வரும்படி எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனால் வாடை பஸ் முழுக்க நிறைந்துவிட்டது.

"ஏனுங்க அம்மணி, கல்யாணச் சமையலுங்களா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, கோழிக்கு."

"கொழம்புக்குங்களா?"

"இல்லீங்க, கோழி திங்கறதுக்கு."

பஸ்ஸே சிரித்தது.

அன்று அரைத்துக் கலந்தது அதிகமாகிவிட்டது போல; கோழிகள் முகர்ந்துவிட்டு விலகிப்போயின. அக்கா சோர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு பூண்டை நிழலில் உலர்த்திப் பொடித்து, கொஞ்சமாகக் கலந்தோம். கொத்தத் தொடங்கின. மெல்லத் தேறின. பூண்டுதான் காப்பாற்றியதா, வெயில் தணிந்ததுதான் காப்பாற்றியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வளர்ந்த கோழிகளை விலை பேச வியாபாரி வந்த அன்றும் நான் அங்கே இருந்தேன். கொட்டகைக்குள் நுழைந்ததுமே மூக்கைப் பொத்தினார்.

"கறியே பூண்டு நாத்தம் அடிக்குமுங்க. எனக்கு வேண்டாமுங்க அம்மணி."

அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. நாட்டுக்கோழியைத் தவிர வேறெதையும் ஜனங்கள் நம்பாத காலம் அது.

"உக்காருங்கண்ணா. தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் அக்கா. ஒரு கோழியை அறுத்து, வரமிளகாயும் சின்ன வெங்காயமும் மட்டும் போட்டு வதக்கி இலையில் வைத்தாள். அவர் நிதானமாக மென்றார்.

"ஏனுங்க, இதுல பூண்டே போடலீங்களா?"

"இல்லீங்கண்ணா."

"அதான் பாத்தேன். வாசமே இல்லீங்களே!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சிரித்துக்கொண்டே, கோழிகளை அடைக்கக் கூடைகளை இறக்கச் சொன்னார்.

போன மாதம் அக்காவோடு மறுபடி போனேன். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது விசைத்தறி ஓடுகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். பல்லடம் முக்கில் நெரிசல் அதிகம். கோழிப் பண்ணை பார்க்க ஆசையென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், நோய்க்குப் பயந்து வெளியாளை உள்ளே விடமாட்டார்கள்.

தறிச் சத்தத்துக்கு நடுவே அக்கா என் காதருகே வந்து சொன்னாள்: "அன்னிக்கு அந்தக் கறிய வதக்கறப்ப, நெசமாவே பூண்டு நாத்தம் அடிச்சிருமோன்னு பயந்துட்டே இருந்தேன் கண்ணு."

பக்கத்தில் நின்று விறகு தள்ளியவள் நான். எனக்குத் தெரியவே இல்லை.