ஒன்று இரண்டு மாத்திரை

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் அவரை ஒரே ஒருமுறை சந்தித்தேன். ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை. பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல், கைபேசித் திரையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பார்வையற்றோருக்குக் கைபேசியை வாசித்துக் காட்டும் தமிழ்ச் செயலி ஒன்றைத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுகிறோம். யாரும் திருத்தம் அனுப்பலாம்; பொறுப்பாளரான அவர் ஒப்புதல் தந்தால்தான் செயலியில் சேரும். டாக்டர் அனுப்பிய "1/2 மாத்திரை"யை அது பார்வையற்ற என் தங்கைக்கு "ஒன்று இரண்டு மாத்திரை" என்று வாசித்தது. பிரஷர் மாத்திரை. இரண்டு போட்டுக்கொண்டு மயங்கி விழுந்தாள். 1/2 என்றால் "அரை" என்று வாசிக்கும்படி அன்றே திருத்தம் அனுப்பினேன். நான்கு மாதமாகப் பதில் இல்லை.

"கதவு எல்லாருக்கும் தொறந்திருக்குதுன்னு எழுதி வெச்சிருக்கீங்களே?" என்றேன்.

"தொறந்துதான் சார் இருக்குது. அதுக்குன்னு செருப்போட உள்ள வந்துடுவீங்களா?"

"என் திருத்தத்துல என்ன தப்பு?"

"பிப்ரவரி ஒண்ணாந்தேதிய 1/2ன்னு போட்டா இன்னான்னு படிக்கும்? அதையும் அரைன்னு படிக்கும். பரவால்லியா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. "இத அன்னிக்கே ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"சம்பளமா குடுக்கறீங்க? டைம் கெடச்சாதான் பாக்க முடியும்."

திரையை மறுபடி துடைத்துவிட்டு, என் கண்ணெதிரிலேயே திருத்தத்தை நிராகரித்தார்.

அவர் சொன்னது சரி. அதைச் சொல்ல நான்கு மாதமும், நான் நேரில் வருவதும் ஏன் தேவைப்பட்டன என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. தேதியைப் பிரித்தறியும்படி மாற்றி மறுநாளே அனுப்பினேன். அதுவும் அவரிடம்தான் கிடக்கிறது.

தங்கை இப்போது செயலியை நம்புவதில்லை. எனக்குத்தான் போன் செய்கிறாள்: "அரையா, ஒண்ணு ரெண்டாண்ணா?"